கிரேட்ஃபுல் டெட் லைவ் டேப்: புதுசா கேக்க வர்றவங்க எங்க ஆரம்பிக்கணும், எப்படி சேத்து வைக்கணும்

கிரேட்ஃபுல் டெட் லைவ் ரெக்கார்டிங் அவ்வளவு கிடைக்குதாமே, எதுல ஆரம்பிக்கறது, ஒரே ஷோவுக்கு எதுக்கு இருபது ஃபைல் இருக்கு, எதை டவுன்லோட் பண்றதுன்னு நாலஞ்சு பேர் தனித்தனியா கேட்டுட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனியா டைப் பண்றதுக்கு மொத்தமா எழுதிடறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க, நான் ஆரம்பிச்சப்ப யாராவது இதை சொல்லியிருந்தா எனக்கு ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

முதல்ல பேண்ட் பத்தி சுருக்கமா. அமெரிக்க ராக் பேண்ட், 1965ல சான் பிரான்சிஸ்கோ பக்கம் ஆரம்பிச்சாங்க, 1995 ஜூலை 9ந்தேதி சிகாகோ சோல்ஜர் ஃபீல்டுல கடைசி ஷோ, அடுத்த மாசம் பேண்டோட முக்கிய கிட்டாரிஸ்ட், பாடகர் ஜெர்ரி கார்சியா இறந்துட்டார், அதோட அந்தப் பேர்ல வாசிக்கறதை நிறுத்திட்டாங்க. நடுவுல கிட்டத்தட்ட 2,300 ஷோ. நேத்து வாசிச்ச வரிசை இன்னிக்கு இருக்காது, ஒரே பாட்டு ஒரு ராத்திரி பத்து நிமிஷம், இன்னொரு ராத்திரி அரை மணி நேரம். கச்சேரி கேட்டு வளந்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், அதே வித்வான் அதே கல்யாணிதான், ஆனா போன சீசன்ல பாடினது வேற இந்த சீசன்ல பாடினது வேற இல்லையா, அதேதான் இங்கயும். அதனால இவங்க ஸ்டுடியோ ஆல்பம் ரெண்டு கேட்டுட்டு நமக்கு ஒத்து வரலன்னு முடிவு பண்ணிடாதீங்க, இவங்களோட சரக்கு பூரா மேடையிலதான் இருக்கு.

இவ்வளவு டேப் எப்படி மிஞ்சிச்சுன்னா, கேக்க வந்தவங்க மைக்கும் ரெக்கார்டரும் தூக்கிட்டு வந்து பதிவு பண்ணாங்க, பேண்டும் விட்டுடுச்சு. மத்த பேண்டெல்லாம் ஆள வச்சு ரெக்கார்டரை பிடுங்கிட்டிருந்த காலம் அது. 1984 அக்டோபர்ல பெர்க்லி கம்யூனிட்டி தியேட்டர்ல டேப் எடுக்கறவங்களுக்குன்னே தனி இடம், தனி டிக்கெட்டுன்னு வந்துடுச்சு, ஏன்னா கண்ட இடத்துல மைக் ஸ்டாண்ட் காடு மாதிரி நின்னு சவுண்ட் மிக்ஸ் பண்றவருக்கு மேடையே தெரியாம போச்சு. ஒரே நிபந்தனை, காசுக்கு விக்கக்கூடாது. தபால்லதான் பரிமாற்றம், காலி கேசட்டும் திரும்ப அனுப்ப ஸ்டாம்பும் வச்சு அனுப்பினா யாரோ முன்னப்பின்ன தெரியாத ஆள் பதிவு பண்ணி திருப்பி அனுப்புவார். அதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

சரி, முதல் வேலை, தேதி படிக்க கத்துக்கறது. சாதாரண விஷயமா தெரியும், ஆனா நம்ம ஆளுங்க எல்லாரும் இங்கதான் தடுக்கி விழறாங்க. டெட் ரசிகர்கள் ஷோவை ஊர் பேர்லயோ தேதியிலயோதான் சொல்வாங்க, தேதி அமெரிக்க வழக்கப்படி மாசம் முன்னாடி வரும். 5/8/77ன்னா மே 8, நாம படிக்கற மாதிரி ஆகஸ்ட் 5 இல்ல. ஃபோல்டர் பேர்ல பேண்டோட முதலெழுத்து ரெண்டு, அப்புறம் வருஷம், மாசம், நாள்ன்னு இருக்கும், அதுக்கப்புறம் மூணெழுத்து வரும் பாருங்க, எஸ்பிடின்னோ ஏயூடின்னோ, அந்த மூணெழுத்துலதான் எல்லாம் இருக்கு.

எஸ்பிடின்னா சவுண்ட்போர்டு, மேடையிலேர்ந்து மிக்ஸருக்கு வர்ற ஒயர்லேர்ந்து நேரா எடுத்தது. ஏயூடின்னா ஆடியன்ஸ், கூட்டத்துக்கு நடுவுல மைக் வச்சு எடுத்தது. மேட்ரிக்ஸ்ன்னு ஒண்ணு இருக்கு, அது ரெண்டையும் ஒரே நேரத்துக்கு பொருத்தி கலந்தது. எஃப்எம்ன்னா ரேடியோ ஒலிபரப்புலேர்ந்து எடுத்தது, 1978 டிசம்பர் 31ந்தேதி வின்டர்லேண்ட் அரங்கத்தை மூடறப்ப வாசிச்சாங்களே, அது ரேடியோ, டிவி ரெண்டுலயும் போச்சு, அந்த மாதிரி.

புதுசா வர்றவங்க எல்லாரும் சவுண்ட்போர்டுதான் ஒசத்தி, ஆடியன்ஸ்னா குப்பைன்னு நினைச்சுக்கறாங்க, நானும் அப்படித்தான் இருந்தேன், அது தப்பு. சவுண்ட்போர்டுல என்ன வரும்னா, ஸ்பீக்கருக்கு எதை அனுப்பினாங்களோ அது மட்டும்தான் வரும். சின்ன ஹால்ல கிட்டார் ஆம்ப்ளிஃபயர் மேடையிலயே காதைக் கிழிக்கும், அதை போர்டுல ஏத்தவே தேவையில்ல, அதனால டேப்புல குரல் மட்டும் முன்னாடி நின்னுக்கிட்டு கிட்டார் எங்கயோ பின்னாடி கேக்கும். ஹால்ல உக்காந்திருந்தவங்க அப்படிக் கேக்கல. ஆடியன்ஸ் டேப்புல அந்த அறையோட காத்து இருக்கும், ட்ரம் சுவத்துல மோதி திரும்பறது, பக்கத்துல ஒருத்தன் பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சு கத்தறது, எல்லாம். முதல் அஞ்சு நிமிஷம் மொத்தையா இருக்கும், காது பழகினதும் தெளிஞ்சுடும். ஹெட்ஃபோன்ல கேக்காதீங்க, ஸ்பீக்கர்ல போடுங்க, பெரிய வித்தியாசம்.

1974 டேப் கேக்கறப்ப குரல் மெலிசா, தகர டப்பாவுக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கும், டேப் கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க. அந்த வருஷம் வால் ஆஃப் சவுண்ட்ன்னு ஒரு ராட்சச ஒலி அமைப்போட சுத்தினாங்க, 600 வாக்குல ஸ்பீக்கர், 75 டன் எடை, பாடறவங்களுக்குப் பின்னாடியே சுவர் மாதிரி நிக்கும். முன்னாடி மைக், பின்னாடி ஸ்பீக்கர்ன்னா கீச்சுன்னு கத்தணும் இல்லையா, அதைத் தடுக்க ஒவ்வொரு பாடகருக்கும் ரெண்டு மைக்கை ஒண்ணுக்கொண்ணு எதிர்மாறா இணைச்சாங்க, ஒண்ணுலதான் பாடுவாங்க, ரெண்டுலயும் பொதுவா விழற சத்தம் அடிபட்டுப் போயிடும். அதுல குரலோட கனமும் சேந்து போயிடுச்சு. இது தெரிஞ்ச அப்புறம் எனக்கு 1974 ரொம்பப் பிடிச்சுப் போச்சு, அந்த மெலிசு குரலைக் கேட்டாலே எந்த வருஷம்னு சொல்லிடலாம். அந்த வருஷம் மே 21, சியாட்டில்ல ப்ளேயிங் இன் த பேண்ட் பாட்டு ஒண்ணு மட்டுமே 46 நிமிஷம். பேஸ் கிட்டாரோட ஒவ்வொரு தந்தியும் அந்த டேப்புல தனித்தனியா கேக்கும்.

இப்ப எதுல ஆரம்பிக்கணும்ங்கற கேள்வி. ஆளாளுக்கு ஒரு லிஸ்ட் வச்சிருப்பாங்க, என்னோடது இதுதான். மே 8, 1977, நியூயார்க் மாநிலத்துல இதாக்கா ஊர், கார்னெல் யுனிவர்சிட்டியோட பார்ட்டன் ஹால். மே மாசத்துல வெளிய பனி கொட்டுது, உள்ள இந்த கச்சேரி. எல்லாரும் இதைத்தான் சொல்றாங்களேன்னு சலிச்சுக்கறவங்க உண்டு, எல்லாரும் சொல்றதுக்குக் காரணம் இருக்கு, பதிவு அவ்வளவு துல்லியம். ரெண்டாவது பாதி ஆரம்பத்துல ஸ்கார்லெட் பிகோனியாஸ் பாட்டு முடிஞ்சு ஃபயர் ஆன் த மவுண்டன் பாட்டுக்கு தாண்டற இடம் இருக்கே, எங்க முடிஞ்சுது எங்க ஆரம்பிச்சுதுன்னு கோடு போட முடியாது, பேஸ் நைசா புது தாளத்துக்கு நகருது, மத்தவங்க ஒவ்வொருத்தரா வந்து சேர்றாங்க, அந்த ரெண்டு நிமிஷத்தை மட்டும் பத்து தடவை திருப்பிக் கேளுங்க. அமெரிக்காவோட லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் காக்க வேண்டிய பதிவுகள்னு வருஷா வருஷம் ஒரு பட்டியல் போடும், 2011 பட்டியல்ல இதுவும் சேந்துச்சு.

இந்த டேப்போட கதையும் தெரிஞ்சுக்கணும். எடுத்தவங்க பெட்டி கேன்டர் ஜாக்சன், பேண்டோட சவுண்ட் எஞ்சினியர், அந்தக் காலத்துல அந்த வேலையில பொம்பளைங்க விரல் விட்டு எண்ணிடலாம். அவங்க தன் கையால மிக்ஸ் பண்ணி ரீல் டேப்புல எடுத்த பதிவுகளைத்தான் பெட்டி போர்டுன்னு சொல்றாங்க. பின்னாடி அவங்களுக்கு கஷ்ட காலம் வந்து, சாமான் போட்டு வச்சிருந்த வாடகை குடோனுக்கு பணம் கட்ட முடியாம, 1980கள் நடுவுல அந்த சாமானெல்லாம் ஏலத்துக்குப் போச்சு, ரீல்களும் அதோட போச்சு. யார் யாரோ வாங்கினாங்க, அதுல சிலது பூஞ்சை பிடிச்சு வீணாகற நிலையில இருந்து தப்பிச்சுது. கார்னெல் ஷோ அதிகாரபூர்வமா வெளிவந்தது 2017ல, நாப்பது வருஷம் கழிச்சு. அதுவரைக்கும் அதை உயிரோட வச்சிருந்தது கேசட்டுக்கு கேசட் காப்பி பண்ணி கைமாத்தினவங்கதான்.

அடுத்து 1972 ஆகஸ்ட் 27, ஆரிகன் மாநிலம் வெனிட்டா. பால் பொருள் தயாரிக்கற ஒரு குடும்பக் கம்பெனிக்கு நிதி திரட்ட வெட்டவெளியில நடந்தது, கொளுத்தற வெயில், கிட்டாரெல்லாம் சூட்டுல சுருதி விலகுது, நிறுத்தி நிறுத்தி சேக்கறாங்க, அப்படியிருந்தும் டார்க் ஸ்டார்ன்னு ஒரே பாட்டை அரை மணி நேரத்துக்கு மேல வாசிக்கறாங்க பாருங்க. அதே வருஷம் ஏப்ரல், மே ஐரோப்பா டூர் 22 ஷோ, மொத்தமும் 16 ட்ராக் டேப்புல எடுத்து 2011ல முழுசா வெளியிட்டாங்க, தரத்துல குறையே சொல்ல முடியாது.

தாளம் பிடிக்கிறவங்க நேரா 1969 பிப்ரவரி 27க்குப் போங்க, சான் பிரான்சிஸ்கோ ஃபில்மோர் வெஸ்ட் அரங்கம். தி லெவன்ன்னு ஒரு பாட்டு, பேருக்கு ஏத்த மாதிரி பதினோரு எண்ணிக்கை, தகிட தகிட தகிட தகன்னு கைல போட்டுப் பாருங்க, சரியா உக்காரும். ட்ரம்மர் மிக்கி ஹார்ட் தபலா மேதை அல்லா ரக்காகிட்ட பாடம் கேட்டவர், பின்னாடி 1991ல இவர் எடுத்த பிளானட் ட்ரம் ஆல்பத்துல நம்ம விக்கு விநாயக்ராம் கடம் வாசிச்சிருக்கார், அதுக்கு கிராமியும் கிடைச்சுது. அதனால ரெண்டாவது பாதியில வர்ற ட்ரம்ஸ் பகுதியை தள்ளி விட்டு கேக்காதீங்க, தனி ஆவர்த்தனம் நேரம் பாத்து கேண்டீனுக்கு எழுந்து போற மாதிரி ஆயிடும்.

பிற்காலத்துக்கு 1990 மார்ச் 29, நாசாவ் கொலிசியம், சாக்ஸஃபோன் பிரான்ஃபோர்டு மார்சாலிஸ் விருந்தாளியா வந்தது. இது நாலு போதும், இதுக்கு மேல நீங்களே தேடிப்பீங்க.

எங்க கிடைக்கும்? இன்டர்நெட் ஆர்க்கைவ்ல லைவ் மியூசிக் ஆர்க்கைவ்ன்னு தனிப் பகுதி இருக்கு, அதுல இந்த பேண்டுக்குன்னே ஒரு தொகுப்பு, தேதி போட்டுத் தேடலாம், எல்லாம் இலவசம். ஒரு விதி மட்டும் தெரிஞ்சுக்கோங்க, ஆடியன்ஸ் பதிவை டவுன்லோட் பண்ணலாம், சவுண்ட்போர்டு பதிவை அங்கயே கேக்க மட்டும்தான் முடியும். 2005 நவம்பர் கடைசியில பேண்ட் தரப்புலேர்ந்து எல்லா டவுன்லோடையும் நிறுத்தச் சொல்லி, ரசிகர்கள் கொதிச்சுப் போய், கடைசியில இப்படி ஒரு சமரசம் ஆச்சு. அதை மதிங்க. சவுண்ட்போர்டு கையில வேணும்னா அதிகாரபூர்வ வெளியீடு வாங்குங்க, 1993லேர்ந்து டிக்ஸ் பிக்ஸ்ன்னு 36 தொகுதி வந்துச்சு, டிக் லட்வாலான்னு ஒரு ரசிகர்தான் பேண்டோட டேப் அறைக்கே பொறுப்பாளரா ஆகி ஆரம்பிச்சது, 2012லேர்ந்து அதே மாதிரி டேவ்ஸ் பிக்ஸ்ன்னு வரிசை வருது. ஃபோன்ல சும்மா கேக்கறதுக்கு ரீலிசன் ஆப் போதும், ஆர்க்கைவ்ல இருக்கறது அதுல அப்படியே வரும்.

இப்ப ஒரே ஷோவுக்கு பத்து இருபது பதிவு வந்து நிக்கும், எதை எடுக்கறது? ஸ்டார் ரேட்டிங்கை பாத்து எடுக்காதீங்க, முக்கால்வாசி பேர் ஷோவுக்குத்தான் மார்க் போடறாங்க, பதிவுக்கு இல்ல. கூடவே ஒரு டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும், அதைத் திறங்க. அதுல பதிவு கடந்து வந்த வழி எழுதியிருக்கும், என்ன மைக், எந்த டேப் டெக், மாஸ்டர் கேசட்டா முதல் காப்பியா மூணாவது காப்பியா, எப்ப கம்ப்யூட்டருக்கு வந்துச்சுன்னு. கேசட்லேர்ந்து கேசட்டுக்கு ஒவ்வொரு தடவை காப்பி ஆகறப்பவும் உஸ்ஸுன்னு இரைச்சல் ஒரு படி ஏறும், மேல் ஸ்வரமெல்லாம் மங்கும், அதனால மாஸ்டர்லேர்ந்து நேரா கம்ப்யூட்டருக்கு வந்தது இருந்தா அதை முதல்ல கேளுங்க. வழியே எழுதாம வெறும் சவுண்ட்போர்டு சூப்பர் குவாலிட்டின்னு மட்டும் போட்டிருந்தா நான் ஒதுக்கிடுவேன்.

அந்த ஃபைல்லயே பேட்ச்ன்னு எழுதியிருக்கும். 90 நிமிஷ கேசட்ல ஒரு பக்கம் 45 நிமிஷம்தான், நல்லா உச்சத்துக்குப் போறப்ப டேப் முடிஞ்சு போகும், திருப்பிப் போடறதுக்குள்ள அரை நிமிஷம் காலி, அந்த ஓட்டையை வேற பதிவுலேர்ந்து வெட்டி ஒட்டியிருப்பாங்க. கேக்கறப்ப திடீர்னு சத்தத்தோட நிறம் மாறி, கொஞ்ச நேரத்துல பழையபடி ஆகும், பயப்படாதீங்க. சுருதியும் பாத்துக்கோங்க, பழைய டெக் வேகமாவோ மெதுவாவோ ஓடியிருந்தா பாட்டு முழுக்க அரை ஸ்வரம் தள்ளிப் போயிருக்கும், ஃபோன்ல ட்யூனர் ஆப் வச்சு கிட்டாரை சோதிச்சாலே தெரிஞ்சுடும். வேகம் சரி பண்ணின பதிவுன்னா டெக்ஸ்ட் ஃபைல்ல சொல்லியிருப்பாங்க.

ஃபார்மேட் விஷயத்துல கண்டிப்பா இருங்க, ஃப்ளாக் மட்டும்தான், அதாவது சத்தத்துல எதையும் இழக்காம சுருக்கற ஃபைல் வகை. எம்பி3 ஆக்கினா போன விவரம் போனதுதான், திரும்ப ஃப்ளாக்கா மாத்தினாலும் வராது. மூணு மணி நேர ஷோ சிடி தரத்துல ஏறக்குறைய ஒரு ஜிபி வரும், இன்னிக்கு அது ஒண்ணும் பெருசு இல்ல. நான் ஆரம்பத்துல லேப்டாப்ல இடமில்லன்னு 1972 ஃபோல்டர் முழுசையும் எம்பி3 ஆக்கிட்டு ஒரிஜினலை அழிச்சேன். பாட்டுக்குப் பாட்டு நடுவுல ஒரு சின்ன வெட்டு விழுந்துடுச்சு, டார்க் ஸ்டார் அடுத்த பாட்டுக்குள்ள கரையற இடத்துல டக்குன்னு ஒரு மௌனம். அதுல நிறைய திரும்ப கிடைச்சுது, ஆனா ஒரு ஆடியன்ஸ் பதிவு, நான் டாரன்ட்ல, அதாவது ஆளுக்கு ஆள் கம்ப்யூட்டர்லேர்ந்து நேரா பகிர்ற முறையில எடுத்தது, இப்ப பகிர ஆளே இல்ல. இன்னும் தேடிட்டிருக்கேன்.

வெட்டுன்னதும் ஞாபகம் வருது, ப்ளேயர்ல கேப்லெஸ் ப்ளேபேக் ஆன் பண்ணுங்க, பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விடாம ஓடும். செட்லிஸ்ட்ல, அதாவது அன்னிக்கு வாசிச்ச பாட்டு வரிசையில, ரெண்டு பாட்டுக்கு நடுவுல அம்புக்குறி இருந்தா நிக்காம தாண்டறாங்கன்னு அர்த்தம், கமா இருந்தா நின்னு ஆரம்பிக்கறாங்க. கம்ப்யூட்டர்ல ஃபூபார்ங்கற ப்ளேயர் கேப்லெஸ்ஸை ஒழுங்கா பண்ணுது.

வெளிய யார்கிட்டேர்ந்தாவது வாங்கற ஃப்ளாக் உண்மையா போலியான்னு பாக்க ஸ்பெக்ன்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, ஃபைலை அதுல இழுத்துப் போட்டா அலைவரிசை படம் வரும். 16 கிலோஹெர்ட்ஸ்ல கத்தியால வெட்டின மாதிரி நேர்கோடு தெரிஞ்சா, அது எம்பி3லேர்ந்து வந்ததா இருக்க நிறைய வாய்ப்பு. பழைய கேசட்ல மேல் பகுதி இயல்பாவே மங்கும், ஆனா அது படிப்படியா கரையும், நேர்கோடா நிக்காது. ரேடியோ பதிவுல 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல ஒண்ணும் இருக்காது, அதைப் பாத்து போலின்னு சொல்லிடாதீங்க, முதல்ல டெக்ஸ்ட் ஃபைலை பாருங்க.

டவுன்லோட் முடிஞ்சதும் கூட வர்ற ஃபிங்கர்பிரின்ட் ஃபைலை வச்சு சரிபாருங்க, விண்டோஸ்ல அதுக்கு ட்ரேடர்ஸ் லிட்டில் ஹெல்ப்பர்ன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு நீள எண் இருக்கும், அது பொருந்தினா ஒரு பிட் கூட மாறலன்னு அர்த்தம். ஃபைல் பேரை உங்க இஷ்டத்துக்கு மாத்தாதீங்க, மாத்தினா அந்த ஃபிங்கர்பிரின்ட் ஃபைலோட ஒத்துப் பாக்கறதே தலைவலி ஆயிடும், டெக்ஸ்ட் ஃபைலை மட்டும் எந்தக் காலத்துலயும் பிரிக்காதீங்க. மைக் தூக்கிட்டுப் போய் மூணு மணி நேரம் பக்கத்துல இருக்கறவங்களை கெஞ்சி பேச வேண்டாம்னு சொல்லி ஆடாம அசையாம நின்னு எடுத்தவர் பேர் அதுலதான் இருக்கு, அதை எடுத்துட்டு பகிர்றது அவருக்குப் பண்ற துரோகம். அதே மாதிரி யாராவது இந்த ரெக்கார்டிங்கை டிஸ்க்ல போட்டு வித்தா வாங்காதீங்க, அங்க இலவசமா இருக்கறதைத்தான் விக்கறாங்க. நண்பருக்கு பென் டிரைவ்ல போட்டுக் கொடுங்க, அந்தக் காலத்துல தபால்ல பண்ணதும் அதுதான்.

எத்தனை டவுன்லோட் பண்ணலாம்ன்னா, வாரத்துக்கு ஒண்ணுக்கு மேல வேண்டாம். ஐநூறு ஷோ சேத்து வச்சு இருபது கூட கேக்காதவங்களை எனக்குத் தெரியும். ஒரு நோட்டு வச்சுக்கோங்க, தேதி, ஊர், எந்த பதிவு, எந்த நிமிஷத்துல என்ன நடந்துச்சுன்னு ரெண்டு வரி. முதல் வாரம் கார்னெல் சவுண்ட்போர்டு, ரெண்டாவது வாரம் அதே ஷோவோட ஆடியன்ஸ் டேப், ஸ்கார்லெட், ஃபயர்ன்னு மேல சொன்ன அதே ரெண்டு பாட்டு. ஒரே ராத்திரிய ரெண்டு இடத்துல நின்னு கேட்ட மாதிரி இருக்கும்.

கடைசியா பேக்கப். ஒரே ஹார்டு டிஸ்க்ல வைக்காதீங்க, ரெண்டு வாங்குங்க, ரெண்டும் ஒரே வீட்டுல இருக்க வேண்டாம். என்னோடது ஒண்ணு இங்க அலமாரியில, இன்னொண்ணு தங்கச்சி வீட்டுல, பொங்கலுக்குப் போறப்ப எடுத்து சொருகி ஃபிங்கர்பிரின்ட் ஓட்டிப் பாத்துட்டு, புதுசா சேந்ததை ஏத்திட்டு, திரும்ப அங்கயே வச்சுட்டு வந்துடறேன்.